வைரம் பாய்ந்த மணம்

சந்தனக்கல்லின் மேல் கட்டை வலம் வரும் அழகை ஒரு தரம் நின்று பாருங்கள். திருவண்ணாமலையில் சில வீட்டுப் பூசையறைகளில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது: சாண் அகல வட்டம், தேய்ந்து வழவழத்த நடுப்பகுதி, வழியும் குழம்பைத் தாங்கிக்கொள்ள ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர். விரல் பருமனுள்ள கட்டை அதில் படிந்து, அவசரமில்லாமல், ஒரே அழுத்தத்தில் சுழல்கிறது. முதல் சில சுற்றுகளில் தண்ணீர் கலங்குவதோடு சரி. பிறகு மெல்ல ஒரு பால்நிறம் எழுகிறது. பால்நிறம் திரண்டு வெண்ணெய் நிறமாகிறது. அதன் அடியில் ஓர் இளம்பொன் சாயல் மினுங்குகிறது. கண் அதைக் கண்டுகொண்ட பிறகே மணம் வருகிறது.

அது வரும் விதமும் அழகு. மல்லிகை தெருமுனையிலேயே நம்மை அழைத்துவிடும். கற்பூரம் மூக்கைச் சட்டெனத் தொட்டு அதே வேகத்தில் மறையும். சந்தனம் தாமதமாக வந்து, மெல்லிய கனத்தோடு அமர்ந்து, நெடுநேரம் எழுந்திருக்க மறுக்கும். காலையில் இட்ட பொட்டு உலர்ந்து உதிர்ந்த பின்னும் மாலைவரை நெற்றியில் அதன் சாயல் தங்கும். இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணமே ஒரு நயம். கற்பூரத்தின் மூலக்கூறில் 10 கார்பன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு. சந்தன மணத்தின் உயிரான சாண்டலால் என்ற மூலக்கூறில் 15 கார்பன், ஓர் ஆக்சிஜன். கூடுதலாக உள்ள ஐந்து கார்பனின் கனம்தான் ஒன்றைப் பறக்கவிட்டு மற்றதைத் தோலில் இருத்திவைக்கிறது. பூசைத் தட்டில் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டும் உண்மையில் பங்காளிகள். ஐந்து கார்பன் கொண்ட கண்ணிகளால் ஆன ஒரே குலம். கற்பூரத்துக்கு இரண்டு கண்ணி, சந்தனத்துக்கு மூன்று.

பஞ்சபூதத் தலங்களில் அண்ணாமலை நெருப்புக்கு உரியது. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் நெய்ச்சுடர் எழும் ஊர் இது. அந்த அனல் வடிவானவருக்குக் குளிரக் குளிரச் சந்தனம் சாத்தும் மனத்தின் பரிவை என்னவென்று சொல்வது! கோயிலில் தொடங்கும் அந்தப் பரிவு நம் வாழ்வு முழுக்கக் கூடவே வருகிறது. மொட்டையடித்த குழந்தையின் தலையில் சந்தனம், கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்போடு சந்தனப் பேலா, தர்காக்களில் சந்தனக்கூடு, வசதியுள்ளவர்களின் சிதையிலும் ஒரு துண்டுச் சந்தனக்கட்டை. இத்தனை வாசல்களிலும் தயக்கமின்றி நுழையும் மணம் வேறு எது?

இந்த மணத்துக்கு நெடுங்காலம் மரம் ஒன்றே பிறப்பிடமாக இருந்தது. 2020-ஆம் ஆண்டிலிருந்து அதற்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு: எஃகுத் தொட்டி. சிந்தெடிக் பயாலஜி எனப்படும் தொகுப்பு உயிரியல், சந்தன மரத்தின் கைத்திறனை ஒரு நுண்ணுயிருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. உயிரின் செய்முறையைப் படித்து, வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து, வேறோர் உயிருக்குள் எழுதி, அதை வேலை செய்ய வைக்கும் கலை அது. அதன் நேர்த்தியைக் கொஞ்சம் நின்று நயந்து பார்க்கலாம். அதற்கு முன் மரத்தருகே போக வேண்டும். குருவின் கைவண்ணம் தெரிந்தால்தானே சீடரின் தேர்ச்சி விளங்கும்?

மரத்தைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். போளூர் வழியாக மேற்கே ஏறினால் ஜவ்வாது மலை. செய்யாறு பிறக்கும் மலை. சாமையும் தேனும் கடுக்காயும் பலாவும் தரும் மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை. தமிழ்நாட்டுச் சந்தனத்தின் பேர்போன தாய்வீடுகளில் ஒன்று இது. மலையின் மேற்கு அடிவாரத்தில் திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. அங்கே கட்டையைத் தரம் பிரிக்கும் நுணுக்கம் தனி அழகு. விலாயத் புத், சைனா புத், பஞ்சம் என்று பதினெட்டு வகை. கனத்த முண்டிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து செதுக்கிய சிம்புக்கு, கடைசியில் மரத்தூளுக்கு. தூளுக்கும் ஒரு தரம், ஒரு பெயர், ஒரு விலை. ஒரு துகளையும் வீணென்று தள்ளாத மரியாதை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இவ்வளவு சிறப்புக்குரிய மரம் பார்வைக்கு எவ்வளவு அடக்கமானது! நடுத்தர உயரம், தொங்கும் மெல்லிய கிளைகள், எதிரெதிராக அமைந்த சாதாரணப் பச்சை இலைகள். பூவைப் பாருங்கள்: நகக்கண் அளவுகூட இல்லாத சின்னஞ்சிறு பூ. மலரும்போது வெளிர்மஞ்சள், நாளாக ஆகச் செவ்வூதாவாகக் கனிகிறது. முகர்ந்தால் ஒன்றும் இல்லை. சந்தனப் பூவுக்கு மணமே கிடையாது! பறவைகள் விரும்பித் தின்னும் கருநீலப் பழத்திலும் இல்லை, இலையிலும் இல்லை. கடந்துபோகும் எவருக்கும் தன் செல்வத்தைக் காட்டாத மரம் அது.

வேரின் கதை இன்னும் இனியது. சந்தனம் தனித்து வாழாது. தன் இலையில் உணவு செய்துகொள்ளும். ஆனால் நீரையும் உப்புகளையும் பெறுவதற்குப் பக்கத்துச் செடியின் வேரை நாடும். மண்ணுக்கடியில் அதன் இளவேர்கள் அயல்வேரைத் தேடிப்போய், தொட்ட இடத்தில் ஒரு சிறு உறிஞ்சியாகப் புடைத்து ஒட்டிக்கொள்கின்றன. நாற்றங்காலில் பையில் வளர்க்கும்போதே சந்தனக் கன்றுக்குத் துணையாகப் பொன்னாங்கண்ணியை நட்டுவைப்பார்கள். நிலத்துக்கு வந்ததும் துவரை. அதன்பின் புங்கனோ சவுக்கோ மலைவேம்போ. குழந்தைக்கு ஒரு தாதி, சிறுவனுக்கு ஒரு தோழி, வளர்ந்தவனுக்கு ஒரு நல்ல அண்டைவீட்டார் என்று பார்த்துப் பார்த்து அமைக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கையில், சந்தன மணத்தில் பெயர் தெரியாத எத்தனை செடிகளின் பங்கு கலந்திருக்கிறது என்று வியப்பு வருகிறது.

பத்துப் பன்னிரண்டு வயதுவரை மரத்துக்குள் வெளிறு மட்டுமே. வெண்மையான, மணமற்ற, சாதாரணக் கட்டை. அதன் பிறகே நடுவில் வைரம் பாயத் தொடங்குகிறது. உயிருள்ள செல்கள் தம் கடைசிக் காலத்தில் எண்ணெயை நிரப்பிவைத்து ஓய்கின்றன. நடுத்தண்டு பழுப்பும் பொன்னுமாகக் கனக்கிறது. முப்பது ஆண்டு கடந்த மரத்தின் வைரமே முதிர்ந்த வைரம். எண்ணெய் மிகுதியாகச் சேர்வது அடிமரத்திலும் வேரிலும். அதனால்தான் சந்தனத்தை அறுப்பதில்லை, வேரோடு அகழ்ந்தெடுக்கிறார்கள். நெற்றியில் நாம் இடும் ஒரு துளிக் குழம்பில் பல பத்தாண்டுகளின் பொறுமை கரைந்திருக்கிறது.

இனி, வைரத்துக்குள் இருக்கும் பட்டறைக்குள் நுழைவோம். சாண்டலாலுக்கான மூலப்பொருள் 15 கார்பன் கொண்ட ஒரு நெளிந்த சங்கிலி. ஃபார்னெசில் டைபாஸ்பேட் என்பது அதன் பெயர். இந்தச் சங்கிலி சந்தன மரத்தின் தனிச்சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். வேம்பிலும் உண்டு, துவரையிலும் உண்டு. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டில் உண்டு. இந்த வரியைப் படிக்கும் உங்கள் கல்லீரலிலும் இந்த நிமிடம் அது உருவாகிக்கொண்டிருக்கிறது. நாம் அதைக் கொண்டு கொலஸ்ட்ரால் செய்கிறோம். ஈஸ்ட் தன் செல்சுவருக்கு உள்ளே மென்சவ்வு அமைக்க எர்கோஸ்டெரால் செய்கிறது. சந்தனம் மணம் செய்கிறது. ஒரே சாலையில் உயிர்களெல்லாம் சேர்ந்து நடந்து, ஒரு திருப்பத்தில் அவரவர் வழியே பிரிகிறோம். சந்தன மணத்துக்கான பாதையில் பெரும்பகுதி நமக்குள்ளும் போடப்பட்டிருக்கிறது என்ற உண்மையின் அழகில் ஒரு கணம் திளைக்கத் தோன்றவில்லையா?

பிரியும் அந்தத் திருப்பத்தில் நிற்பது ஒரு நொதி: சாண்டலீன் சிந்தேஸ். அதன் நடுவே மூலக்கூறு அளவில் ஒரு குழி. நெளிந்த சங்கிலி அந்தக் குழிக்குள் வந்து அமர்கிறது. அதன் தலையிலுள்ள பாஸ்பேட் இணை கழல்கிறது; கழன்றதும் சங்கிலி நிலைகொள்ளாமல் துடிக்கிறது. அந்தத் துடிப்பு அடங்குவதற்குள் குழியின் வடிவம் அதை மடக்கி, வளைத்து, முனையோடு முனை சேர்த்து வளையங்களாக மூடிவிடுகிறது. ஒரு மடிப்பில் மூன்று வளையம் கொண்ட ஆல்பா சாண்டலீன். சற்றே மாறிய மடிப்பில் இரண்டு வளையம் கொண்ட பீட்டா சாண்டலீன். கூடவே எபி-பீட்டா சாண்டலீனும் பெர்கமோட்டீனும். ஒரே குழியிலிருந்து நான்கு உடன்பிறப்புகள்! எந்த உளியும் தொடாமல், வெறும் இடத்தின் வடிவத்தாலேயே செதுக்கும் இந்தச் சிற்பத்தை எப்படி வியக்காமல் இருப்பது?

ஆனால் சாண்டலீன் இன்னும் சந்தனமாகவில்லை. ஓர் ஆக்சிஜன் அணு குறைகிறது. அதைக் கொண்டுவரும் நொதிக்குச் சைட்டோகுரோம் பி450 என்று பெயர். காற்றிலுள்ள ஆக்சிஜன் இரட்டை அணுவாக இருக்கும். இந்த நொதி அந்த இரட்டையைப் பிரித்து, ஓர் அணுவைத் தண்ணீராக்கி அனுப்பிவிட்டு, மற்றதைச் சாண்டலீனின் வால்முனையில் பதிக்கிறது. அந்தக் கணத்தில் சாண்டலீன் சாண்டலாலாகிறது. இலையும் வேரும் கண்ட வெயிலுக்கும் நீருக்கும் கடைசி மெருகு காற்றிலிருந்து வந்த ஒற்றை அணு. அது இல்லாமல் சந்தனம் இல்லை.

அந்த மெருகிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வால்முனையில் ஆக்சிஜன் அமர இரண்டு பக்கங்கள் உண்டு. மரம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தையே தேர்கிறது. மணத்தின் கனிவு அந்தப் பக்கத்தில்தான். 2013-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்த பி450 நொதிகள் இரண்டு பக்கங்களிலும் மாற்றி மாற்றிப் பதித்தன; கிடைத்தது கலவை. மரத்தின் உண்மையான கை வேறெங்கோ ஒளிந்திருந்தது. 2016-இல் அதே குடும்பத்துக்கு அப்பால் இன்னொரு பி450 கிடைத்தது. அது பக்கம் தவறாமல், மரத்தின் வழக்கப்படியே பதித்தது. இடப்பக்கமா வலப்பக்கமா என்ற ஒரே ஒரு கேள்விக்கு விடை காண மூன்று ஆண்டு! ரசனை என்பதும் இத்தகைய பொறுமைதானே?

இந்த நொதிகளுக்கான மரபணுக்களை வாசிக்கத் தொடங்கியவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து யோர்க் போல்மானின் குழுவினரும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும். சாண்டலீன் சிந்தேஸின் மரபணுவை 2011-இல் அவர்கள் வெளியிட்டார்கள். நம் சந்தனம் மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் பெருந்தோட்டங்களாக வளர்கிறது என்பதை நினைவில் வையுங்கள். 2018-இல் இந்திய ஆய்வாளர்கள் சந்தனத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட மரத்தின் ஏடு அவிழ்ந்தது. சந்தனக்காட்டை ஒருபோதும் பார்க்காதவரும் இன்று அதன் மணம் பிறக்கும் வரிகளைத் திரையில் படிக்கலாம். படிப்பதோடு நில்லாமல், அந்த வரிகளைப் புதிதாக மரபிழையாகவே நெய்து வாங்கலாம்.

அப்படி வாங்கிய வரிகளை ஒரு நுண்ணுயிருக்குள் எழுதினால் என்ன ஆகும்? இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டுத் தூங்கப்போகும் எந்த வீட்டுக்கும் இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவின் சர்க்கரையைத் தின்று, விடிவதற்குள் மாவின் மணத்தையே மாற்றிவிடுகின்றன. சந்தனத் தொட்டியிலும் நடப்பது அதுவே. நெதர்லாந்தின் ஐசோபயோனிக்ஸ் நிறுவனம் ரோடோபாக்டர் என்ற பாக்டீரியாவைத் தேர்ந்துகொண்டது. அது இயல்பிலேயே அதே ஐந்து கார்பன் சாலையில் நடந்து நிறமிகள் செய்யும் உயிர். பாதை ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்திருக்கிறது. திருப்பத்தில் மட்டும் சந்தனத்தின் நொதிகளை நிறுத்தினால் போதும். மக்காச்சோள மாவுச் சர்க்கரையைத் தின்று அது சாண்டலால் சுரக்கிறது. 2019-இல் ஜெர்மன் வேதிநிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். அதை வாங்கியது; 2020-இல் அந்தச் சாண்டலால் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிக், நொதித்தல் வழியில் செய்த டிரீம்வுட் என்ற சந்தன மணப்பொருளை வெளியிட்டது.

சந்தனத்தின் சாயலை மனிதர்கள் அதற்கு முன்பும் செய்ததுண்டு. வேதியியலார் டர்பன்டைனிலிருந்து தொடங்கி, சாண்டலோர், ஜாவனால் போன்ற மணங்களைப் படைத்தார்கள். நம் ஊதுபத்திகளிலும் சோப்புகளிலும் பலவற்றில் சந்தனம் என்று நாம் முகர்வது இத்தகைய சாயல்களையே. அவையும் அழகுதான், ஆனால் அவை வேறு மூலக்கூறுகள். உண்மையான சாண்டலாலின் வளையங்களைக் குடுவையில் கட்டுவது வேதியியலுக்குக் கடினம், செலவும் மிகுதி. மனித நுட்பம் தடுமாறிய அந்த முடிச்சை ஒரு பாக்டீரியா, வெதுவெதுப்பான சர்க்கரை நீரில், ஓசையின்றி அவிழ்த்துவிட்டது. தொட்டியில் பிறந்த சாண்டலாலையும் வைரத்தில் பிறந்த சாண்டலாலையும் பக்கத்தில் வைத்தால் அணுவுக்கு அணு ஒன்றே.

தொகுப்பு உயிரியல் என்ற இந்தக் கலை வளர்ந்த விதத்தில் அடக்கத்தின் அழகும் உண்டு. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் வென்டரின் குழு, ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் வேதியியல் முறையில் செய்து, ஒரு செல்லுக்குள் வைத்து உயிர்பெறச் செய்தது. பிறகு அதைச் செதுக்கிச் செதுக்கி, 2016-இல் 473 மரபணுக்களே கொண்ட செல் ஒன்றைக் காட்டினார்கள். அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று அதைச் செய்தவர்களுக்கே அப்போது தெரியவில்லை. எடுத்தால் செல் வாழாது. ஏன் என்பது விளங்கவில்லை. உயிரின் மிகச் சிறிய ஏட்டிலும் மூன்றில் ஒரு பங்கு படிக்கமுடியாத வரிகள். அறிவின் உச்சியில் நின்று அறியாமையை எண்ணிச் சொன்ன அந்த நேர்மை, அந்தச் செல்லைவிட அழகானது.

இனி, மணத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். விலை ஏறிய அழகு எளியவர்களைச் சும்மா விடுவதில்லை. 1992 ஜூனில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடிப் புகுந்த அரசு ஊழியர்கள் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல் 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரத்தின் பெயரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். ஜவ்வாது மலையின் பிள்ளைகளும் அதில் உண்டு. சந்தனமும் செம்மரமும் வேறு வேறு. கூலிக்குக் கோடரி தூக்கும் கையும், லாபம் போய்ச்சேரும் இடமும் மட்டும் மாறுவதில்லை. தொட்டியில் பிறக்கும் சாண்டலால் இந்தச் சுமையில் ஒரு பங்கையாவது மரத்தின் மேலிருந்தும் மலையின் மேலிருந்தும் இறக்குமானால், அதைவிடப் பெரிய நயம் அதற்கு வேண்டாம்.

இறக்குமா என்பதற்கு அவசரப்பட்டு விடை சொல்ல முடியாது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் இதே பாதையில் முன்னே நடந்த மருந்து. அதன் முந்தைய வடிவத்தை 2006-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழு ஈஸ்ட்டில் செய்தது. 2013-இல் சனோஃபி மருந்து நிறுவனம் இத்தாலியில் ஓர் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் ஆர்ட்டிமிசினினைத் தரும் செடியைப் பயிரிட்ட சிறு விவசாயிகள் கலங்கினார்கள். நடந்தது வேறு: செடியிலிருந்து வரும் மருந்தின் விலை இறங்கியது, தொட்டிச் சரக்கு அதனோடு போட்டியிட முடியவில்லை, சில ஆண்டுகளில் ஆலையே கைமாறியது. செடி நிலைத்தது. ஆய்வுக்கூடத்தின் அழகு சந்தையின் கணக்கை மாற்றியே தீரும் என்று கட்டாயமில்லை. இரண்டும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வாழக் கற்றுக்கொள்ளலாம்.

யாருக்கு என்ன பங்கு என்ற கேள்வியிலும் மனித மனம் ஒரு நுண்மையை எட்டியிருக்கிறது. கட்டையை எடுத்துப் போனால் வழிமறித்துக் கேட்கலாம். மரபணுவின் எழுத்துகள் கணினி வழியே போனால்? இந்தியாவின் உயிரிப் பல்வகைமைச் சட்டம் 2002-இல் வந்தது. அதை நடத்தும் தேசிய ஆணையம் இருப்பது நம் சென்னையில்தான். 2010-இன் நகோயா ஒப்பந்தம், உயிர்வளத்தால் வரும் பயனை அதைக் காத்தவர்களோடு பகிர்ந்துகொள்ளச் சொன்னது. வெறும் எழுத்துகளாகப் பறந்துபோகும் வளத்துக்காக 2025 பிப்ரவரியில் காலி (Cali) நிதி தொடங்கியது. அதில் சேரும் பணத்தில் பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது நோக்கம். நிறுவனங்கள் தாமாக முன்வந்து கொடுப்பதையே அது நம்பியிருக்கிறது. ஆயினும், ஒரு மரபணுவின் எழுத்துக்கும் ஊர் உண்டு, காத்தவர் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டதே ஒரு நாகரிகம். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை உயிரித் தயாரிப்பை வளர்க்கும் பயோ-ஈ3 கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. நம் நாட்டிலும் இத்தகைய தொட்டிகள் பெருகும். ஜவ்வாது மலைக்கான பங்கை அந்தக் கணக்கேட்டில் முதல் நாளே எழுதிவைப்பதுதான் முறை.

தொட்டி வந்துவிட்டதே, மரத்துக்கு இனி என்ன பெருமை என்று கேட்பவர்கள் சந்தன எண்ணெயின் உள்ளடக்கத்தைக் கொஞ்சம் பார்க்கட்டும். சர்வதேசத் தர அளவின்படி நல்ல எண்ணெயில் ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடு. ஆல்பா மரத்தன்மையும் லேசும். பீட்டா பாலின் கனிவும் கதகதப்பும். மிச்சத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துணைப்பொருள்கள், துளித்துளியாக. மண், மழை, வயது, அண்டை வேர் எல்லாம் அந்த மிச்சத்தில் தங்கள் கையெழுத்தை இட்டிருக்கின்றன. தொட்டி தூய்மையைத் தருகிறது. மரம் நிறைவைத் தருகிறது. வாசனைத் திரவியத்துக்கும் சோப்புக்கும் தொட்டியின் சாண்டலால் முழுக்கத் தகும். அதற்காக ஒரு மரத்தையும் வேரோடு பெயர்க்க வேண்டியதில்லை. அபிஷேகத்துக்கும் குழந்தையின் தலைக்கும் வைரத்திலிருந்து இழைத்த குழம்பு இருக்கட்டும். இதுவே என் தீர்ப்பு.

ஆகவே, வாசகரே, இரண்டு வேண்டுகோள்கள். சந்தன மணம் கொண்ட பொருளை வாங்கும்போது அந்த மணம் மரத்திலிருந்து வந்ததா, தொட்டியிலிருந்து வந்ததா, டர்பன்டைனிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். மூன்றும் வாங்கத் தக்கவையே, ஆனால் எது என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, பட்டா நிலம் உள்ளவர்களுக்கு: 2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்ட பின், உங்கள் நிலத்தில் வளரும் சந்தன மரம் உங்களுக்கே சொந்தம். வெட்டுவதென்றால் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். நட்டு வளர்க்கத் தடை ஏதும் இல்லை. வரும் மழைக்காலத்தில் ஒரு கன்று நடுங்கள்; பக்கத்தில் மறக்காமல் ஒரு துவரைச் செடியையும் வையுங்கள்.